விசுவாசம் கெட்டவள்

"வழக்கமானதுதானே, வெர்லின்?"

"அதேதான் டோரீன். ஆனா முதல்ல அந்தப் பலகையில இருக்கிற பேரை அழி."

தினமும் காலையில் டயர் கடையைத் திறப்பதற்கு முன் வெர்லின் ஸ்டக்கி டோரீனின் உணவகத்துக்கு வருவார். ஜன்னலோர மேசையில் உட்காருவார். முட்டை, கருக வறுத்த பேக்கன், பால் கலக்காத காப்பி. எதிரே ஹார்லன் வந்து உட்காருவார். இருவரும் ஊர்க் கல்லூரியின் பெண்கள் கூடைப்பந்து அணியைப் பற்றிப் பேசுவார்கள். பிறகு அவரவர் வேலைக்குப் போவார்கள். இண்டியானாவின் அந்தச் சின்ன ஊரில் பேசுவதற்கு வேறு எதுவும் இல்லை.

நன்றாக ஆடுகிற பெண்களின் பெயரில் டோரீன் ஆம்லெட் போடுவாள். முன்பு அந்தப் பெயர்களை மெனு அட்டையில் அச்சடித்தாள். ஆட்டக்காரர்களுக்குச் சம்பளம் வந்து, வருஷா வருஷம் கல்லூரி மாறத் தொடங்கிய பிறகு, கரும்பலகையில் சாக்பீஸால் எழுதுகிறாள்.

அன்று அழிக்க வேண்டிய பெயர் டெலேனி.

"வேணும்னா நீயே அழிச்சுக்கோ. எனக்குக் கை வராது" என்றாள் டோரீன்.

வெர்லின் எழுந்து போய்க் கைத்துடைப்பானால் அழித்துவிட்டு வந்தார்.

"நம்ம தபால்காரர் பொண்ணுப்பா. இவளாவது இருப்பான்னு நெனச்சேன்" என்றார் ஹார்லன்.

"எவ இருக்கா இந்தக் காலத்துல? நேத்து காலேஜ் மாறுறவங்க போர்ட்டல்ல பேரைக் குடுத்துட்டா. இனி எந்த காலேஜ் அதிகம் குடுக்குதோ அங்க போய் நிப்பா. சந்தைக்கு வந்த கன்னுக்குட்டி!"

அப்போது கதவு திறந்தது. டெலேனி உள்ளே வந்தாள். அப்பாவுக்குச் சொல்லி வைத்திருந்த காலை உணவை வாங்கிப் போக வந்திருந்தாள்.

"வாங்க மகாராணி" என்றார் வெர்லின். "எந்த ஊருக்குப் பயணம்?"

"இன்னும் தெரியல, மிஸ்டர் ஸ்டக்கி."

"கேட்டியா ஹார்லன், தெரியலையாம்! விலை இன்னும் ஏறணும்போல."

அவள் கல்லாவருகே போய் நின்றாள். டோரீன் சமையலறைப் பக்கம் திரும்பி, "சீக்கிரம் கட்டுங்கப்பா" என்று குரல் கொடுத்தாள்.

வெர்லினுக்குப் பொறுக்கவில்லை. நாற்காலியை அவள் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டார். குரலைக் கொஞ்சம் இறக்கினார்.

"இங்க பாரும்மா. இன்னும் ஒண்ணும் கெட்டுப்போகல. இன்னிக்கே பேரை வாபஸ் வாங்கு. இன்னும் ரெண்டு வருஷம் நம்ம ஜெர்சியைப் போட்டுக்கிட்டு ஆடு. ஊர் மறந்துடும். நானே எல்லார்கிட்டயும் பேசுறேன்."

"எனக்கும் அந்த ரெண்டு வருஷம் இங்கதான் ஆடணும்னு ஆசை."

"அப்புறம் என்ன?"

"அது என் கையில இல்ல."

"பின்ன யார் கையில இருக்கு? ஏஜெண்ட் கையிலயா?" வெர்லினின் குரல் மறுபடி ஏறியது. "இருபது வயசுல ஏஜெண்ட்! நான் மழையில பனியில வீடு வீடாப் போய் உங்க சம்பளத்துக்கு ரசிகர் நிதி சேர்த்தேன். டீம் கலையக் கூடாதுன்னுதானே? நீ என்னடான்னா பையைத் தூக்கிட்டே. அதையும் காலேஜ் எவ்வளவு நாகரிகமா அறிவிக்குது பாரு, 'டெலேனியின் முடிவை மதிக்கிறோம்'னு. நான் மதிக்கலம்மா."

அவள் உதட்டைக் கடித்துக்கொண்டாள்.

"அழாதே. உன்னை நம்பி நாங்க இல்ல" என்றார் வெர்லின். "நெவாடாவிலேர்ந்து ஒருத்தி வர்றா. ஆறடி நாலு அங்குலம். வளையத்தைக் குனிஞ்சுதான் பார்ப்பா."

"அவளும் போன வருஷம் ஒரு காலேஜ், அதுக்கு முந்தி ஒரு காலேஜ்னு மாறினவதானே?" என்றார் ஹார்லன்.

"அது வேற."

"எப்படி வேற?"

"அவ நம்மகிட்ட வர்றாப்பா!"

டோரீன் சத்தமாகச் சிரித்தாள். வெர்லின் சிரிக்கவில்லை. அவர் சொன்னதில் அவருக்கு எந்தத் தப்பும் தெரியவில்லை.

சமையலறையிலிருந்து பொட்டலம் வந்தது. டெலேனி வாங்கிக்கொண்டு காசை வைத்தாள். டோரீன் அதைத் திருப்பித் தள்ளினாள். டெலேனி எடுத்துக்கொள்ளவில்லை.

"போ, போ" என்றார் வெர்லின். "விசுவாசம்னா என்னன்னு அங்க போயாவது கத்துக்கோ."

அவள் கதவருகே நின்றாள். திரும்பி ஏதோ சொன்னாள். பிறகு போய்விட்டாள்.

மத்தியானத்துக்குள் அது ஊர் முழுக்கக் கதையாகிவிட்டது. "இந்தப் பட்டிக்காட்டுல எவ இருப்பா" என்று அவள் கேட்டதாகத் தேவாலய வாசலில் பேசிக்கொண்டார்கள். "எனக்குக் காசுதான் முக்கியம்னு மூஞ்சிக்கு நேரா சொல்லிட்டுப் போறா" என்று டயர் மாற்ற வந்தவர்களிடமெல்லாம் வெர்லின் சொன்னார். ஹார்லன் பக்கத்தில் நின்று தலையாட்டினார்.

அவள் உண்மையில் கடைசியாகச் சொன்னது இதுதான்:

"நானா போகல, மிஸ்டர் ஸ்டக்கி. நீங்க நிதி சேர்த்து வாங்கின அந்த நெவாடாப் பொண்ணுக்கு டீம்ல இடம் வேணும், நீயே கிளம்புற மாதிரி பேரைக் குடுத்துடுன்னு கோச் என்னைக் கூப்பிட்டுச் சொன்னார். அந்த நிதியில எங்க அப்பா போட்ட காசும் இருக்கு."