மார்பின் மேல் ஒரு கல்

பல்கலைக்கழக இயற்பியல் துறையைப் பொதுமக்கள் சுற்றிப் பார்க்கும் நாள் அது. அரங்கின் நடுவே, நூற்றுக்கணக்கான ஆணிகள் நீட்டிக்கொண்டிருந்த பலகையில் இளம் பேராசிரியர் மல்லாந்து படுத்தார். உதவியாளர் அவர் மார்பின் மேல் ஒரு கான்கிரீட் கல்லை வைத்தார்.

"என் எடையை எல்லா ஆணியும் பங்கு போட்டுக்குது, அதனால குத்தாது. யாராவது வந்து இந்தக் கல்லை உடைங்க!"

கூட்டம் பின்வாங்கியது. கடைசி வரிசையிலிருந்து ஓர் அம்மாள் எழுந்து வந்தார். சுத்தியலை வாங்கிக்கொண்டு பேராசிரியரின் அருகே குனிந்தார்.

"தம்பி, ஏதாவது ஆயிட்டா?"

"தயங்கித் தயங்கி அடிச்சாதான் வலிக்கும். ஓங்கி ஒரே போடு போடுங்க!"

போட்டார். கல் தூள்தூளானது. பேராசிரியர் ஒரு கீறல்கூட இல்லாமல் எழுந்து சட்டையை உதறினார். அரங்கமே கைதட்டியது.

அம்மாளுக்கு இன்னும் படபடப்பு அடங்கவில்லை. "முன்னப்பின்ன தெரியாதவ கையில சுத்தியலைக் குடுத்துட்டு எப்படிப்பா நிம்மதியாப் படுத்திருந்தே?"

"உங்களைத் தெரியுமே. உங்க பொண்ணு போட்டோ காட்டியிருக்கா. எங்க கல்யாணம் வேண்டவே வேண்டாம்னு ஒத்தக்கால்ல நிக்கிறீங்கன்னும் சொன்னா."

அம்மாளின் முகம் சிவந்தது. மகளின் மனதைக் கலைத்தவன் எப்படிப்பட்டவன் என்று கிட்டப் போய்ப் பார்க்கத்தான் யாருக்கும் சொல்லாமல் வந்திருந்தார்.

"தெரிஞ்சுமா படுத்தே?"

"கோபமா இருந்தாத்தானே அடி பலமா விழும்!"

அம்மாளால் சிரிப்பை அடக்க முடியவில்லை. சுத்தியலை அவரிடமே திருப்பிக் கொடுத்தார்.

"ஞாயித்துக்கிழமை அப்பா அம்மாவைக் கூட்டிக்கிட்டு வீட்டுக்கு வாங்க, மாப்பிள்ளை."