இருபது படங்கள்

"புதுசா ஒண்ணும் வரைய வேணாம் திலகா. முன்னாடி நீ போட்ட படங்களைக் குடு, போதும். பள்ளிக்கூடச் சுவத்துல மாட்டிக்கிறேன்" என்றாள் பவுசியா.

கறம்பக்குடியில் அவள் தொடங்கும் மழலையர் பள்ளிக்கு அடுத்த வாரம் திறப்பு விழா. கல்லூரியில் உடன் படித்த உரிமையில், திலகவதியைத் தேடிப் புதுக்கோட்டைக்கே வந்துவிட்டாள்.

"கஜா புயல்ல ஓடு பறந்தப்பவே எல்லாம் நனைஞ்சு போச்சு. இருந்திருந்தாலும் குடுத்திருக்க மாட்டேன். பிள்ளைங்க பாக்குற எடத்துல அது எதுக்கு?"

"ஏன் இப்படிப் பேசுறே? ஒன் ரெக்கார்டு நோட்டைப் பாக்கவே வேற டிபார்ட்மெண்ட்ல இருந்து வருவாங்களே!"

திலகவதி டீ போட உள்ளே போனாள். அவள் கணவன் உதயசூரியன் குரலைத் தாழ்த்தினான்.

"பத்து வருசமாச்சும்மா. சென்னையில ஒரு பதிப்பகம், சிறுவர் புத்தகத்துக்குப் படம் போட ஆள் வேணும்னு கேட்டிருந்தாங்க. மூணு மாசம் ஒக்காந்து இருபது படம் வரைஞ்சா. நாந்தான் ஸ்கேன் பண்ணி, என் மெயில்ல அனுப்பினேன். 'ஒவ்வொரு படத்தையும் கவனமாகப் பார்த்தோம். கோடுகளில் உயிர் இல்லை'ன்னு பதில் வந்துச்சு. அன்னைக்கு வச்ச பென்சில்தான். அப்புறம் தொடவே இல்லை."

"நீங்க ஒண்ணும் சொல்லலையாண்ணே?"

"சொன்னேன்." அவன் தலை குனிந்தான். "விவரம் தெரிஞ்சவங்க பாத்துச் சொல்றாங்கன்னா சரியாத்தான் இருக்கும்னு சொன்னேன். நான் அதைச் சொல்லாமலாவது இருந்திருக்கலாம்."

பவுசியா சட்டென்று நிமிர்ந்தாள்.

"மெயில்ல அனுப்புனீங்கன்னா அதுலயே இருக்குமேண்ணே! எடுத்துப் பிரிண்ட் போட்டுக்கிறேன்."

உதயசூரியன் முகம் மலர்ந்தது. இத்தனை நாள் இது ஏன் தோன்றவில்லை? அவசரமாக போனை எடுத்துத் தேடினான்.

டீயோடு வந்த திலகவதிக்கு விஷயம் புரிந்துவிட்டது. "அதைப் போயி இப்ப எதுக்குங்க தோண்டுறீங்க?" என்றாள். ஆனாலும் டம்ளர்களை வைத்துவிட்டு அவன் தோளருகே வந்து நின்றாள். பார்க்க வேண்டும் என்று அவளுக்கும் இருந்தது.

"கெடைச்சிருச்சு!"

'வணக்கம். என் மனைவி வரைந்த இருபது படங்களை இத்துடன் இணைத்துள்ளேன்.' கீழே அவன் பெயர், போன் நம்பர். அவ்வளவுதான். விரலால் மேலே தள்ளினான், கீழே தள்ளினான். மூடிவிட்டு மறுபடி திறந்தான்.

"படம் எங்கங்க?" என்றாள் திலகவதி.

அவனால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அன்றைக்குப் படங்களை இணைக்கவே மறந்திருந்தான். அனுப்பாத அந்த இருபது படங்களையும்தான் பதிப்பகத்தார் ஒவ்வொன்றாகக் கவனமாகப் பார்த்திருந்தார்கள்.