முதல் வாடிக்கையாளர்

"கடைசியா எப்போ பிடிக்காத பொருள் ஒண்ணை வாங்கிட்டு வந்தீங்க?"

பெண் பார்க்க வந்த இடத்தில் இப்படி ஒரு கேள்வியை லிஃப்ட் மெக்கானிக் எதிர்பார்க்கவில்லை. குனிந்து தன் சட்டையைப் பார்த்தார்.

"இதுதாங்க. போன வாரம்."

"பிடிக்கலைன்னா ஏன் வாங்குனீங்க?"

"கடைக்காரர் ஒவ்வொண்ணா பிரிச்சுப் போட்டாரு. அத்தனையும் திரும்ப மடிக்கணுமே, பாவம்."

அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அடக்கிக்கொண்டாள். கேள்வியைக் கேட்டுவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும் என்பது பேராசிரியையின் உத்தரவு.

பகலில் மூக்குக்கண்ணாடிக் கடையில் வேலை, மாலையில் பல்கலைக்கழகத்தில் தொழில்நுட்பத் தொழில்முனைவோர் சான்றிதழ்ப் படிப்பு என்று ஓடிக்கொண்டிருப்பவள் அவள். சொந்தமாக ஒரு செயலி செய்திருந்தாள். அதை வெளியாள் ஒருவராவது பயன்படுத்தினார் என்று நாளை வகுப்பில் காட்ட வேண்டும். இல்லாவிட்டால் திட்டத்தையே கழற்றிவிடுவார்கள். தோழிகள் எல்லாரும் "சூப்பர்டி" என்றார்கள். ஒருத்தியும் தொட்டுப் பார்க்கவில்லை.

"நல்லா இருக்குன்னு சொல்றவங்களை நம்பாதீங்க. எடுத்துப் பயன்படுத்துறவங்களை மட்டும் நம்புங்க" என்று பேராசிரியை படித்துப் படித்துச் சொல்லியிருந்தார். இந்த நேரம் பார்த்துத்தான் அண்ணி வரன் ஒன்றைப் பிடித்து, அவளைக் காபிக் கடைக்கு இழுத்து வந்திருந்தாள். சரி, வந்த மனுஷனையும் விடுவானேன்?

செயலி எதற்கு என்பதை முதலிலேயே சொல்லிவிடக் கூடாது, சொன்னால் எதிராளி முகத்துக்காகப் பதில் சொல்வார் என்பதும் பாடம். ஆகவே நாமும் இப்போதைக்குச் சொல்லவில்லை.

"வேலை பாக்குற இடத்துல எப்படி?"

"அதை ஏன் கேக்குறீங்க! லிஃப்ட் ரிப்பேருக்குப் போவேன். நாலாவது மாடி அம்மா, வாஷிங் மெஷினையும் கொஞ்சம் பாத்துடுப்பான்னுவாங்க."

"நீங்க என்ன சொல்லுவீங்க?"

"என்ன சொல்றது? பாப்பேன். அப்புறம் மிக்ஸி வரும். அதுக்கப்புறம் அவங்க பையனோட சைக்கிள்."

"வீட்ல திட்ட மாட்டாங்களா?"

"அம்மா திட்டுவாங்க. அதையும் கேட்டுக்குவேன்."

பக்கத்து மேசையில் அண்ணி பத்திரிகையை விரித்து வைத்துக்கொண்டு, காதை மட்டும் இங்கே நீட்டியிருந்தாள்.

இதற்கு முன் வந்தவர்கள் தங்கள் சம்பளத்தையும் காரையும் பற்றியே அளந்துவிட்டுப் போனார்கள். இவரோ கேட்டதற்கெல்லாம் ஒளிக்காமல் பதில் சொன்னார். ஒருமுறைகூடக் கடிகாரத்தைப் பார்க்கவில்லை. இன்னொரு காபி சொல்லட்டுமா என்று அவள் கேட்டபோதும் உடனே தலையாட்டினார். பாதியில் அவளுக்கு வகுப்பே மறந்து போயிற்று. அவரைப் பிடித்துவிட்டது.

"நீங்க பாட்டுக்குக் கேட்டுட்டே இருக்கீங்க. எதுக்குன்னு சொல்லவே இல்லையே?"

இனிமேல் சொல்லலாம். செயலியைத் திறந்து காட்டி விளக்கினாள். அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"எனக்குன்னே செஞ்ச மாதிரி இருக்குங்க!"

"சும்மா சொல்லாதீங்க. நிஜமா பயன்படுத்துவீங்களா?"

"இப்பவே இறக்கிடுறேன்." கண்ணெதிரிலேயே இறக்கினார். "வார்த்தையெல்லாம் அதுவே போட்டுக்குமா?"

"எல்லாம் நானே எழுதி வெச்சிருக்கேன். யாருக்குன்னு மட்டும் சொன்னா போதும்."

"ரொம்ப நன்றிங்க. மனசுல இருந்த பாரமே இறங்கின மாதிரி இருக்கு" என்று கும்பிட்டுவிட்டுப் போனார்.

வாசலுக்கு வந்ததும் அண்ணி அவள் கையைப் பிடித்துக்கொண்டாள். "என்னம்மா, முகமெல்லாம் பல்லா இருக்கு! அவரும் இடத்தை விட்டு அசையவே இல்லையே. உங்க அண்ணனுக்குப் போன் போடட்டுமா?"

"போடுங்க அண்ணி. எனக்குச் சம்மதம்."

அண்ணி எண்ணை அழுத்தும்போதே இவள் போனில் மணி அடித்தது. அவளுடைய செயலியிலிருந்து யாரோ முதல் செய்தியை அனுப்பிவிட்டார்கள்.

"அண்ணி! அவரு பயன்படுத்திட்டாரு! நான் பாஸ்!" அவள் நடைபாதையிலேயே குதித்தாள். "நாலாவது மாடி அம்மா இனிமே வாஷிங் மெஷினுக்கு வேற ஆளைத்தான் பாக்கணும்!"

நேருக்கு நேர் 'முடியாது' என்று சொல்ல வாய் வராதவர்களுக்காக, அவர்கள் சார்பில் நயமாக மறுத்து எழுதி அனுப்பும் செயலி அது. அவள் ஆசையோடு செய்தியைத் திறந்தாள்.

'உங்களோடு பேசிக்கொண்டிருந்ததில் மிக்க மகிழ்ச்சி. ஆனால் இது எனக்குச் சரிப்பட்டு வராது. முகத்துக்கு நேரே சொல்ல மனம் வரவில்லை, மன்னிக்கவும்' என்று அவளே எழுதிவைத்த வரிகள் அப்படியே இருந்தன. யாருக்கு என்ற இடத்தில் அவள் பெயர் இருந்தது.