தலைவர் வீட்டு வெந்நீர்

"டாக்டர்! இது மனுஷன் காதுன்னு நினைச்சீங்களா, இல்ல சொத்தைப் பல்லுன்னு நினைச்சீங்களா? இந்தக் குடை குடையறீங்க!"

மதில் சுவருக்கு மேல் தலையை நீட்டிக் கத்தினார் தலைவர். தெருவில் மொத்தமே பத்து வீடுதான். அந்தப் பத்து வீட்டுச் சங்கத்துக்குத்தான் அவர் தலைவர். ஆனால் பேச்சைக் கேட்டால் பாதி உலகம் அவர் தலையில் இருப்பது போலத் தோன்றும்.

அந்தப் பக்கம் பல் டாக்டர் மெஷின் ரம்பத்தை அணைத்தார். புயலில் சாய்ந்த மரத்தைத் துண்டு போடுவார். துண்டின் மேல் முழ நீளக் கத்தியை நிறுத்தி, அதன் முதுகில் மரச்சுத்தியால் ரெண்டு போடு போட்டு விறகாகப் பிளப்பார். சனிக்கிழமையானால் இதுதான் அவருக்கு வேலை. கொல்லையில் பெரிய அண்டா ஒன்று அடுப்பில் ஏறியிருக்கும். அவர்கள் வீட்டில் எல்லாரும் குளிப்பது அந்த வெந்நீரில்தான்.

"மன்னிச்சுக்குங்க சார். இன்னும் ஒரே ஒரு கட்டைதான்."

"ஒரு குச்சிகூடக் கூடாது! நாங்கெல்லாம் சூரியன்ல குளிக்கிறோம். நீங்க படிச்சவர், இன்னும் கற்காலத்துல உக்காந்திருக்கீங்க."

சூரியன் என்று அவர் சொன்னது மொட்டை மாடியில் வைத்திருந்த சோலார் ஹீட்டரை. அது வந்த அன்றே பாத்ரூமில் இருந்த கரண்ட் ஹீட்டரைக் கழற்றி யாருக்கோ கொடுத்துவிட்டார். 'இனிமே இந்த வீட்டு அடுப்புல வெந்நீர் வைக்கக் கூடாது' என்று மனைவிக்கு உத்தரவும் போட்டார். அன்றிலிருந்து வெயிலோ மழையோ, பேப்பர் படித்து முடித்து அவர் பாத்ரூமுக்குள் போகும்போது வாளியில் ஆவி பறக்கும். குழாயைத் திறக்கிற வேலையெல்லாம் தலைவருக்குக் கிடையாது. அதற்குத்தான் மனைவி இருக்கிறாளே!

நாளைக் காலையில் மொத்தத் தெருவும் அவர் வீட்டுக்கு வருகிறது. வெந்நீரில் கையை விட்டுப் பார்த்துத் திருப்தியானால், எல்லா மாடியிலும் அதே ஹீட்டரை வைப்பதாகப் பேச்சு. வைத்துவிட்டால் தெருமுனையில் 'சூரியத் தெரு' என்று ஒரு போர்டு, அடியில் தலைவர் பெயர். எழுத்து என்ன கலர் என்பதுவரை அவர் முடிவு பண்ணியாகிவிட்டது.

"நாலு பேர் வர்ற நேரத்துல இந்தப் புகையும் சத்தமும் இருந்தா என் மானம் போயிடும் டாக்டர்."

"சார், வெட்டின விறகு தீந்துடுச்சு. இதை வெட்டலேன்னா காலையில அண்டாவைப் பத்தவைக்கவே முடியாது."

"ஒரு நாள் பச்சத் தண்ணியில குளிச்சா பல்லு கொட்டிடாது. கொட்டினாலும் என்ன, நீங்களே கட்டிக்கலாம்!"

சொல்லிவிட்டுத் தலைவர் தானே சிரித்துக்கொண்டார்.

டாக்டர் சிரிக்கவில்லை. தலைவருக்குப் பின்னால் துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அவர் மனைவியைப் பார்த்தார். வேண்டாம் என்பதுபோல் அந்தம்மா லேசாகத் தலையை அசைத்தாள்.

"சரி சார்" என்றார் டாக்டர்.

சரி என்றால் போதுமா? தலைவர் நேரில் போய் நின்று ரம்பம், கத்தி, சுத்தி எல்லாவற்றையும் ஷெட்டுக்குள் வைக்கச் சொன்னார். தன் கையாலேயே பூட்டி, சாவியைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் வீடு திரும்பினார்.

"ஏங்க, நாளைக்கு வேண்டாமே. அவங்களை இன்னொரு நாள் கூப்பிடலாம்" என்றாள் மனைவி.

"ஏன்?"

"இல்ல, அந்த ஹீட்டர்..."

"ஆரம்பிச்சிட்டியா? வச்ச புதுசுலயே சூடு வரலேன்னு ஒப்பாரி வச்சவதானே நீ! நான் ஒரு சத்தம் போட்டதும் மறுநாளே ஒழுங்கா வந்துச்சா இல்லையா?"

"வந்துச்சு" என்றாள். அதோடு சமையலறைக்குள் போய்விட்டாள்.

மறுநாள் கூட்டம் கூடியது. முனை வீட்டு வக்கீல், எதிர்வீட்டு டீச்சர், இன்னும் ஏழெட்டுப் பேர். பல் டாக்டரும் வந்து ஓரமாக நின்றார். பாத்ரூம் வாசலில் வாளியை வைத்துக்கொண்டு தலைவர் அரைமணி நேரம் பேசினார்.

"புகை கிடையாது, சத்தம் கிடையாது! டீச்சர், முதல்ல நீங்க கையை விடுங்க. பார்த்து, பொத்துப் போயிடப் போகுது."

டீச்சர் பயந்து பயந்து ஒரு விரலை விட்டாள். அப்புறம் கையை விட்டாள். அப்புறம் முழங்கைவரைக்கும் விட்டாள்.

"சார், ஐஸ் மாதிரி இருக்கே!"

வக்கீலும் விட்டுப் பார்த்து, கையை உதறினார். "விறைச்சுப் போச்சுங்க."

தலைவரே கையை விட்டார். முகத்தில் ஈயாடவில்லை. பின்னால் யாரோ களுக்கென்று சிரித்தார்கள்.

"அடியே, இங்க வா! என்னடி பண்ணித் தொலைச்சே? சூரியனுக்கு என்ன ஆச்சு?"

ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டே மனைவி வந்தாள். ஒரு தடவை டாக்டரைப் பார்த்தாள். ஊரையெல்லாம் வாயைத் திறக்கச் சொல்கிற மனுஷன், இப்போதும் தன் வாயைத் திறக்கவில்லை.

"மாடியில இருக்கறது வந்த மாசமே படுத்துடுச்சுங்க. சொன்னதுக்கு என்மேல எரிஞ்சு விழுந்தீங்க. பச்சத் தண்ணி பட்டா உங்களுக்கு மூச்சு இழுக்கும். அதான் அன்னையிலேருந்து தினமும் டாக்டர் வீட்டு அண்டாவுலேருந்து வாங்கிட்டு வந்து ஊத்தினேன்."

அவர் சட்டைப் பையைக் காட்டிச் சொன்னாள்.

"உங்க சூரியனை நேத்து நீங்கதானே ஷெட்டுல வச்சுப் பூட்டினீங்க? சாவிகூட அங்கதான் இருக்கு, பாருங்க."