ஆறாவது பாட்டு

டெக்சஸ் நடன அரங்கில் அன்று மாலை தங்கள் 'கன்ட்ரி' நாட்டுப்புற இசைக்குழு வாசிக்கப்போகும் பாட்டுகளின் பட்டியலை கர்ட்டிஸ் எழுதிக்கொண்டிருந்தான். மனைவி நெல்டா எட்டிப் பார்த்தாள்.

"ஆறாவதா என்னது?"

"வால்ட்ஸ், ஜோடியா மெதுவா ஆடுற மெட்டு. அஞ்சு வேகப்பாட்டுக்கு ஆடினவங்க கொஞ்சம் இளைப்பாற வேண்டாமா? இதுல பாட்டு வரி கிடையாது."

"அப்ப நான்?"

"மேடையை விட்டுக் கீழ இறங்கி நில்லு."

"இருபது வருஷமா உன் பிடிலுக்கு நான்தான் பாடுறேன். திடீர்னு என்னைக் கீழ இறக்குறே. எல்லாம் அந்தச் சிவப்பு பூட்ஸ்காரிக்காகவா? வாரா வாரம் உன்னைப் பார்த்துப் பல்லைக் காட்டுறாளே!"

கர்ட்டிஸ் பட்டியலை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான்.

ஆறாவது பாட்டு வந்தது. நெல்டா இறங்கிப்போய், கையைக் கட்டிக்கொண்டு சிவப்பு பூட்ஸ்காரியையே முறைத்தாள். அவளோ தன் புருஷன் தோளில் சாய்ந்து ஆடிக்கொண்டிருந்தாள்.

யாரோ முதுகைத் தட்டினார்கள். கர்ட்டிஸ்! கையில் பிடில் இல்லை.

"நீ வாசிக்கலையா?"

"இதுல பிடிலும் கிடையாது. அதுக்குத்தான் இந்தப் பாட்டைத் தேடிப் பிடிச்சேன்" என்று கையை நீட்டினான். "நம்ம கல்யாணத்துலகூட நாமதானே கச்சேரி பண்ணோம்? வா, இன்னிக்காவது ஆடலாம்."