சிட்லபாக்கத்துக்கு ஒரு கோர்ஸ்

தாம்பரம் கல்யாண மண்டபத்தில் கல்விக் கண்காட்சி. தனியார் பல்கலைக்கழக ஸ்டாலில் இருந்த ஸஹானாவின் முன்னால் வந்து உட்கார்ந்தார் பத்ரிநாராயணன்.

"பையனுக்கு எந்த கோர்ஸ் எடுக்கலாம்மா?"

"கம்ப்யூட்டர் சயின்ஸ் எடுங்க சார். முடிச்சதும் ஜெர்மனி, அமெரிக்கான்னு பறந்துடலாம்."

"அதெல்லாம் வேண்டாம்மா. வேலை இங்கேயே கிடைக்கணும். சாயங்காலம் சிட்லபாக்கம் வீட்டுக்கு வந்து என்கூட உட்கார்ந்து சாப்பிடணும்."

ஸஹானா சிரித்துவிட்டாள். "எல்லாரும் ஃபாரின் கேட்கிறாங்க, நீங்க சிட்லபாக்கம் கேட்கிறீங்க. சிவில் இருக்கு, பி.காம் இருக்கு. பிளஸ் டூவுல எவ்ளோ மார்க் சார்?"

"ஆயிரத்து நூத்தி அறுபது" என்றார் பெருமையாக.

எழுதப்போன அவள் பேனா நின்றது.

"சார், இப்ப மொத்தமே அறுநூறு மார்க்தானே? ஆயிரத்து இருநூறெல்லாம் பழைய கணக்காச்சே. உங்க பையன் எப்ப படிச்சார்?"

"இருபது வருஷம் ஆச்சும்மா. இப்ப டொராண்டோவுல இருக்கான்."

"அப்புறம் எதுக்கு சார் இப்ப வந்து கேட்கிறீங்க?"

அப்பாக்களும் பிள்ளைகளுமாக நெரிந்த அந்தக் கூட்டத்தை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"அன்னிக்கு இதே மாதிரி ஒரு மண்டபத்துல, எதைப் படிச்சா வெளிநாடு போகலாம்னுதான்மா கேட்டேன்."