உலகத்திலேயே ஒரே கேசட்

டிவி திரையில் தன்னையே பார்த்த கல்யாணராமனுக்குக் கண் கலங்கிவிட்டது. தலை நிறைய முடி, இஸ்திரி போட்ட சட்டை, எதிரே பேட்டி எடுப்பவர். பதினோரு வருஷத்துக்கு முந்தைய கல்யாணராமன் அச்சு அசலாக உட்கார்ந்திருந்தார்.

"இன்னா சார், அழுவுறீங்க?" என்றார் வீடியோ கடை அன்வர் பாஷா. "காணாம பூட்ட பொருளு கெடச்சா சந்தோசத்துல அப்டித்தான் வரும்."

கல்யாணராமன் அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

மயிலாப்பூர் சபாக்களில் சிரிப்பு நாடகம் போடுகிறவர் அவர். எண்பத்தைந்தில் டிவியில் அரை மணி நேரம் பேட்டி கண்டார்கள். அந்தக் காலத்தில் டேப் விலை யானை விலை. ஒளிபரப்பு முடிந்ததும் நிலையத்தில் அதன் மேலேயே அடுத்த நிகழ்ச்சியைப் பதிந்துவிடுவார்கள். அவர் பேட்டியும் அப்படித்தான் போய்ச் சேர்ந்தது. பாஷாவின் மச்சான் அடையாறில் புது வீடியோ டெக் வாங்கிய ஜோரில் கண்டதையெல்லாம் பதிவு செய்து பரணில் போட்டு வைத்திருந்தது யாருக்குத் தெரியும்?

பாஷா விஷயத்தைச் சொல்ல போன் செய்தது மத்தியானச் சாப்பாட்டு வேளையில். கல்யாணராமன் அப்போது வத்தக்குழம்பு சாதத்தை முடித்துவிட்டு நேரே மோருக்குத் தாவிக்கொண்டிருந்தார். ஒரு காலத்தில் அவர் மனைவி ஹம்சாவின் ரசத்துக்கென்றே விருந்தாளிகள் வருவார்கள். புளி ஒத்துக்கொள்ளவில்லை என்று பத்துப் பதினோரு வருஷமாக அவள் ரசமே வைப்பதில்லை. வத்தக்குழம்புப் புளி மட்டும் எப்படி ஒத்துக்கொள்கிறது என்று கேட்க அவருக்குத் துணிச்சல் கிடையாது.

போனை எடுத்தது ஹம்சாதான். "ஏன்னா, உங்க பேட்டி கிடைச்சுடுத்தாம்!" என்று ரிசீவரை வைத்தாள். "சாயங்காலமே போய் வாங்கிண்டு வாங்கோ. ஞாயித்துக்கிழமை உங்க நாடகக் கோஷ்டி, சம்பந்தி ஆத்துக்காரா எல்லாரையும் கூப்பிட்டுப் போட்டுக் காட்டலாம். என்னைப் பத்தி அவ்வளவு ஒசத்தியா சொல்லியிருக்கேளே!"

மோர் அவருக்குப் புரையேறியது.

பேட்டி ஒளிபரப்பான அன்று ஹம்சா வடபழனியில் ஒரு கல்யாண ரிசப்ஷனுக்குப் போயிருந்தாள். திரும்பி வந்து, "என்ன சொன்னேள்?" என்று கேட்டவளிடம் இவர் வாய்க்கு வந்ததை அடித்துவிட்டார். "என் வெற்றிக்கெல்லாம் காரணம் என் ஹம்சாதான்னு சொன்னேன்." அந்தப் பொய்க்குக் கண், மூக்கு, காது எல்லாம் முளைத்து, சம்பந்தி வீடு வரைக்கும் நடந்து போயிருந்தது.

இப்போது திரையில் பேட்டி எடுப்பவர் கேட்டார். "இவ்வளவு இயல்பா நடிக்க எங்க சார் கத்துக்கிட்டீங்க?"

முடி நிறைந்த கல்யாணராமன் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார். "எல்லாம் எங்காத்துலதான்! தினம் அவ வைக்கற ரசத்தைக் குடிச்சுட்டு 'பிரமாதம்'னு மூஞ்சியை வெச்சுக்கணுமே, அதைவிடப் பயிற்சி வேணுமா?"

பாஷா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். கல்யாணராமனுக்குக் குப்பென்று வியர்த்தது. நாலு பேர் சிரிக்க வேண்டும் என்பதற்காக டிவியில் ஒரு பொய், அதை மறைக்க வீட்டில் இன்னொரு பொய். ஞாயிற்றுக்கிழமை இரண்டின் சாயமும் சேர்ந்து வெளுக்கப் போகிறது.

"பாய், இதை அழிச்சுடுங்கோ."

பாஷாவின் சிரிப்பு நின்றது. "இன்னா சார் சொல்றீங்க? டிவிக்காரங்க கையிலயே கெடையாது. ஒலகத்துலயே இந்த ஒரு கேசட்டுதான் கீது!"

"அதனாலதான் சொல்றேன்."

யாரும் மேலே பதிந்துவிடக் கூடாதென்று கேசட்டின் முதுகில் இருந்த பிளாஸ்டிக் துண்டை மச்சான் அன்றைக்கே உடைத்து வைத்திருந்தார். அந்தப் பள்ளத்தின் மேல் பாஷா மனசே இல்லாமல் செல்லோ டேப்பை ஒட்டினார். டிவியில் அப்போது ஓடிக்கொண்டிருந்த விவசாய நிகழ்ச்சி பேட்டியின் மேல் பதிவாகத் தொடங்கியது.

கல்யாணராமனுக்கு நிஜமாகவே துக்கமாக இருந்தது. தான் டிவியில் வந்ததற்கு இருந்த ஒரே சாட்சிக்குத் தானே கொள்ளி வைக்கிறோமே என்று நினைத்துக்கொண்டார். சம்பந்தியின் முகத்தை நினைத்துப் பார்த்தார். துக்கம் கொஞ்சம் தணிந்தது.

வீட்டில் ஹம்சாவே கேசட்டைப் போட்டாள். தென்னையைத் தாக்கும் காண்டாமிருக வண்டைப் பற்றி ஒருவர் பொறுமையாக விளக்கினார். முன்னால் ஓட்டினாள், பின்னால் ஓட்டினாள். வண்டுதான் வந்தது.

"அடடா! அந்த மச்சான் ஆத்துல யாரோ தெரியாம மேலேயே பதிஞ்சுட்டா போலிருக்கே!" கல்யாணராமன் நெற்றியில் அடித்துக்கொண்டார். மேடை அனுபவம் கைகொடுத்தது.

ஹம்சா அவரையே பார்த்தாள். "துளிகூட மிச்சம் இல்லையா?"

"இல்லையே!"

"வேற யார்கிட்டயாவது காப்பி?"

"உலகத்துலயே இது ஒண்ணுதானாம், ஹம்சா. போயே போச்சு."

"இனிமே யாரும் பார்க்கவே முடியாதா?"

"பிரம்மாவே வந்தாலும் முடியாது."

ஹம்சா டிவியை அணைத்தாள். புடவைத் தலைப்பை இழுத்து இடுப்பில் செருகிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். உள்ளேயிருந்து குரல் மட்டும் வந்தது.

"அப்போ சரி, இன்னிலேர்ந்து ரசம் வெச்சுடறேன்."